சேலம் – புதுச்சேரி 190 கி.மீ.: நடுவில் வாழ்பவர்களுக்கு எவ்வளவு தூரம்?

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே காமலாபுரத்தில் இருக்கிறது. புதுச்சேரியின் விமான நிலையம் லாஸ்பேட்டையில். வரைபடத்தில் இந்த இரண்டு ஓடுபாதைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வருகிறது. கோடு காமலாபுரத்தில் கிளம்பி ஏற்காட்டின் மேலே போகிறது. சேர்வராயனைத் தாண்டிக் கல்வராயன் மலையைக் குறுக்கே கடக்கிறது. சங்கராபுரத்தையும் விழுப்புரத்தையும் தொட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்குகிறது. கள்ளக்குறிச்சி நகரம் அந்தக் கோட்டுக்குத் தெற்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில், கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. அந்த நகரத்துக்குள், கோமுகி ஆற்றை ஒட்டியிருக்கும் பகுதிதான் கருணாபுரம்.

2024 ஜூன் 18ஆம் தேதி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று தொடங்கியது. மறுநாள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிரம்பி வழிந்தது. அங்கிருந்து பலரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மேற்கே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குச் சிலர். கிழக்கே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் சிலர். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களில் பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று கேட்டால் விடை சொல்வது எளிது. அந்தக் கோட்டின் அடியில் வாழ்கிற ஒருவருக்கு, உயிர் போகிற நேரத்தில், அதே இரண்டு ஊர்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் கருணாபுரம் எழுப்பிய கேள்வி. அதை நாம் சரியாகக் காதில் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். விவாதம் முழுவதும் சாராயத்தைச் சுற்றியே நடந்து முடிந்தது. அது நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால், குடித்த நேரத்துக்கும் சிகிச்சை தொடங்கிய நேரத்துக்கும் இடையில் கரைந்துபோன மணித்துளிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

வானத்தின் கணக்கு

முதலில் விமானக் கணக்கையே முழுதாகப் பார்த்துவிடலாம். சிறிய ஊர்களுக்குப் பறக்கிற ஏடிஆர் 72 ரக விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 190 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் 23 நிமிடம். இணையத்தில் தூரம் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் தருகிற விடையும் இப்படிப்பட்டதுதான். நடைமுறையில் எந்த விமானமும் அந்த நேரத்தில் போய்ச் சேராது. ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் அது எழும்ப வேண்டும்; பிறகுதான் கிழக்கே திரும்ப முடியும். திரும்பினால் முன்னால் சேர்வராயன் மலை. அதற்குப் போதிய உயரம் எட்டிய கொஞ்ச நேரத்திலேயே புதுச்சேரிக்காக இறங்கத் தொடங்க வேண்டும். முழு வேகத்தில் பறக்கக் கிடைப்பது நடுவிலுள்ள சில நிமிடங்கள் மட்டுமே. தரையில் ஓடும் நேரத்தையும் சேர்த்தால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிடும். பயணி ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். சேலம் நகரத்திலிருந்து காமலாபுரத்துக்கு இருபது கிலோமீட்டர் போக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால், காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் சேலம் – புதுச்சேரிப் பயணத்தில் விமானம் மிச்சப்படுத்தித் தருவது ஒரு மணி நேரம்தான், அதிகம் போனால் ஒன்றரை.

அந்த விமானமும் இல்லை. இந்த இரு ஊர்களுக்கும் நடுவே நேரடிச் சேவை கிடையாது. இரண்டு ஊர்களிலிருந்தும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருவுக்கும் சேவைகள் தொடங்கப்பட்டன. ஹைதராபாத்தில் மாறிப் போகிறவர் 190 கிலோமீட்டரைக் கடக்க 1,200 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கும். பெங்களூருவில் மாறினால் 430 கிலோமீட்டர் அளவில். யாரும் அப்படிப் போகப்போவதில்லை. ஆனால் நம் சிறு விமான நிலையங்கள் எந்த நோக்கத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை இது காட்டுகிறது. ஒவ்வொரு சிற்றூரும் ஒரு பெருநகரத்தோடு இணைக்கப்படுகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றோடொன்று இணைவது யாருடைய திட்டத்திலும் இல்லை.

பெருநகரத்தோடு இணைந்த சேவைகூட நிலைக்கவில்லை. சேலம் விமான நிலையம் 1993இல் திறக்கப்பட்டது. வந்த சேவை கொஞ்ச காலத்தில் நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் போனது. 2016இல் மத்திய அரசு ‘உடான்’ திட்டத்தை அறிவித்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டண வரம்பு வைத்து, இழப்பை ஈடுகட்ட மானியமும் தந்தது. அதன்கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் காமலாபுரத்தில் மீண்டும் ஆள் நடமாட்டம். புதுச்சேரியின் கதையும் இதேதான். 2017 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் தொடங்கியது, 2024 மார்ச் இறுதியில் நின்றது. அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று இண்டிகோ வரும்வரை லாஸ்பேட்டையில் பயணிகள் விமானம் இல்லை. கருணாபுரத்து ஆட்கள் ஆம்புலன்ஸில் ஜிப்மருக்குப் போன அந்த ஜூன் மாதத்தில், நான் மேலே போட்ட கோட்டின் ஒரு முனை மூடிக் கிடந்தது.

நெய்வேலியில் என்எல்சியின் பழைய ஓடுதளம் உடான் பட்டியலில் ஏறியும் பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே, உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் போட்ட ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழும். ஓடுதளம் என்றதும் வளர்ச்சி என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்காக நிலம் கேட்டபோது காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகள் ஏன் எதிர்த்து நின்றார்கள் என்பதையும் அந்தப் பேச்சோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

தரையின் கணக்கு

இனிக் கீழே வருவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஜிப்மருக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். சாலையில் இரண்டுமே நூறைத் தாண்டும், 110 கிலோமீட்டர் அளவில் வரும். பெரிய மருத்துவமனைகள் இரண்டுக்கும் சமதூரத்தில் இருக்கிறது என்று கேட்பதற்கு வசதியாகத் தோன்றும். நோயாளிக்கு அதன் பொருள் இரண்டுமே எட்டாத் தூரத்தில் இருக்கின்றன என்பதுதான். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் நன்றாகவே ஓடும் என்று வைத்துக்கொண்டாலும், எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மணி நேரம்.

மெத்தனால் விஷத்துக்கு அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மெத்தனால் உடலுக்குள் போனதும் உடனே கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள நொதி அதை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அது பிறகு பார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பைச் சிதைக்கிறது; ரத்தத்தின் காரத்தன்மையைக் குலைத்து உறுப்புகளை ஒவ்வொன்றாக முடக்குகிறது. இந்த மாற்றம் நடந்து முடிய பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். சாராயத்தில் எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். குடித்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி, காலையில் எழுந்து, வெறும் வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டிருப்பார். உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த விஷத்துக்கு வைத்தியம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்து அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் கணக்காக எத்தனால் கொடுத்தே அந்த வேலையைச் செய்விக்கிறார்கள். ரத்தத்தின் அமிலத்தைக் குறைக்க பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். டயாலிசிஸ் மூலம் மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் ரத்தத்திலிருந்தே வடிக்கிறார்கள். எல்லாமே மருத்துவ உலகம் நன்றாக அறிந்த முறைகள். பலன் இருப்பது நேரத்தில் மட்டுமே. அமிலம் குறைவாக இருக்கும்போது தொடங்கினால் கண் தப்பும், உயிரும் தப்பும். நினைவிழந்த நிலையில் வந்து சேர்ந்தவரைக் காப்பாற்றுவது எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கடினம்.

ஒரே நேரத்தில் இருநூறு பேருக்கு மேல் வந்தால் எந்த மாவட்ட மருத்துவமனையும் திணறத்தான் செய்யும். அன்று இரவும் பகலும் நின்று பார்த்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளில் ஒன்று. அது இல்லாமல் பழைய அரசு ஆஸ்பத்திரி மட்டும் இருந்திருந்தால் சாவு இன்னும் கூடியிருக்கும். கல்லூரி இருந்தும் நோயாளிகளை நூறு கிலோமீட்டருக்கு மேல் அனுப்ப வேண்டி வந்தது ஏன் என்பதுதான் கேட்க வேண்டியது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எத்தனை, டயாலிசிஸ் எந்திரங்கள் எத்தனை, அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் இரவுப் பணியில் எத்தனை பேர், விஷமுறிவு மருந்து கையிருப்பு எவ்வளவு? கட்டடம் திறக்கிற நாளில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. ஒரு மருத்துவமனையின் உண்மையான தூரத்தைத் தீர்மானிப்பது இவைதான். எந்திரமும் ஆளும் இல்லாத மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருந்தாலும், சிகிச்சை என்னவோ 110 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

சாலையில் போன நேரத்தைவிட வலிக்கிற தாமதம் ஒன்றும் அன்று நடந்தது. முதல் சாவுகள் நிகழ்ந்தபோது, கள்ளச்சாராயம்தான் காரணம் என்பது உறுதியாகவில்லை என்று நிர்வாகத் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. அந்தச் செய்தி பரவிய நேரத்தில், அதே சரக்கைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்தவர்கள் இருந்தார்கள். ‘குடித்தவர்கள் எல்லோரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், யார் மேலும் வழக்கு இல்லை’ என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. மெத்தனால் விஷத்தில் அறிகுறி தெரியும் முன்பே வருகிறவர்தான் பிழைப்பார். பயண நேரத்தைக் கணக்கிடுகிறவர்கள் இந்தத் தயக்கத்தையும் அதில் சேர்த்தே எண்ண வேண்டும். குற்றவாளியைப் போல நடத்துவார்கள் என்று பயந்து ஒரு கூலித் தொழிலாளி வீட்டிலேயே கிடந்த ஆறு மணி நேரம், எந்த நெடுஞ்சாலையாலும் மீட்டுத் தர முடியாத ஆறு மணி நேரம்.

சம்பவத்துக்குப் பிறகு சட்டம் வேகமாக நகர்ந்தது. அதே மாதம் 29ஆம் தேதி மதுவிலக்குச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து ஆயுள் தண்டனைவரை விதிக்க வழி செய்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நவம்பர் 20 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. ஓராண்டு முன்னால், 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் சித்தாமூரிலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோதும் கைதும் விசாரணையும் நடந்தன. குற்றத்தைத் தடுப்பது ஒரு வேலை. தடுக்கத் தவறிய நாளில் உயிரைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு மரக்காணத்திலிருந்து கள்ளக்குறிச்சி எதைக் கற்றுக்கொண்டது என்பதற்கு 2024 ஜூனில் விடை கிடைத்துவிட்டது.

மலையின் கணக்கு

கருணாபுரம் நகரத்துக்குள் இருக்கிறது. நெடுஞ்சாலை கைக்கெட்டும் தூரம். கல்வராயன் மலைக்குப் போனால் கணக்கே மாறிவிடும். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டு என்று மலைமீது சிதறிக் கிடக்கின்றன ஊர்கள். இரண்டாயிரம் அடியிலிருந்து நான்காயிரம் அடிவரை உயரம். சாமையும் மரவள்ளியும் விளையும். காட்டில் கடுக்காய் பொறுக்குவார்கள். இங்கே வாழ்கிற மலையாளி பழங்குடி மக்கள் 1976வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பதாண்டு கழித்துத்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அரசு வந்துசேரவே அத்தனை காலம் எடுத்துக்கொண்ட இடத்தில், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று கேட்கும் உரிமைகூட அண்மைக் காலத்தில்தான் முளைத்திருக்கிறது.

வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை உண்டு, பேருந்தும் உண்டு. சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிற குக்கிராமங்களில். சாலை வராத ஊர்களில் பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு வண்டி நிற்கிற இடம்வரை நடக்கிறார்கள். 108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதைப் போல ஏழைக்கு உதவிய அரசுத் திட்டங்கள் குறைவு. ஆனால் போன் சிக்னல் இல்லாத ஊரில் 108ஐ அழைக்க முதலில் ஒருவர் மேட்டுக்கு ஓட வேண்டும். வண்டி வந்தாலும் சாலை முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மலைவளைவுகளில் இறங்கிக் கள்ளக்குறிச்சி. அங்கே முடியாது என்றால் மறுபடி நூற்றுப் பத்து கிலோமீட்டர். வானத்தில் ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற எட்டு கிலோமீட்டருக்கு, கீழே அரை நாள் செலவாகிறது.

கருணாபுரத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு, முதலமைச்சரோ அமைச்சர்களோ மலைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம் என்று அடிப்படை வசதிகளையே நீதிமன்றம் வரிசையாகக் கேட்க வேண்டியிருந்தது. சாராயம் காய்ச்சுகிற மலை என்ற பெயரைத் தவிர வெளியுலகுக்கு எதுவும் தெரியாமலிருந்த ஒரு நிலப்பரப்பின்மீது கொஞ்சமாவது வேறு வெளிச்சம் விழுந்தது அப்போதுதான். சாராயத்துக்கும் சாலைக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். விளைந்த மரவள்ளியைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லாத இடத்தில், தலைச்சுமையிலேயே போகக்கூடிய, உடனே காசாகிற சரக்குதான் பிழைப்பாக மாறும்.

காட்டுக்குள் சாலை போட வனத்துறை அனுமதி கிடைப்பதில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்கு நேரான விடை இருக்கிறது. அதன் 3(2) பிரிவு, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கலாம் என்கிறது. நடுவண் அரசின் கிராமச் சாலைத் திட்டம் 2000இல் தொடங்கியபோது மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் வாழும் குடியிருப்பை அளவாக வைத்தது. கல்வராயனில் நாற்பது வீடு, முப்பது வீடு என்று இருக்கிற ஊர்கள் அந்த அளவுக்குள் வராமலே போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தலைக்கணக்குதான்: சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. ஆட்கள் நெருக்கமாக வாழ்கிற இடத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தும். மலையில் எண்ண வேண்டியது நேரத்தை. எந்த வீட்டிலிருந்து எத்தனை நிமிடத்தில் ஒரு செவிலியரை, ஒரு மருத்துவரை, ஒரு டயாலிசிஸ் எந்திரத்தை அடைய முடியும் என்பதே அளவுகோலாக வேண்டும்.

விமானம் உதவாதா?

உதவும். எந்த விமானம் என்பதைத்தான் தெரிந்து கேட்க வேண்டும். 1928இல் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியில் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் தொடங்கிய பறக்கும் மருத்துவச் சேவை இன்றும் நடக்கிறது. நூறு மைலுக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடந்த மக்களுக்கு மருத்துவரையே விமானத்தில் அனுப்பினார்கள். அதைச் சாத்தியமாக்கியதில் விமானத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வானொலிக்கும் உண்டு. காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியை வீடுகளுக்குக் கொடுத்த பிறகே நோயாளியின் குரல் மருத்துவருக்குக் கேட்டது. நம் நாட்டில், 2024 அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனையில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. உத்தராகண்டின் மலை ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவருவது அதன் வேலை. ஹெலிகாப்டருக்கு 1,500 மீட்டர் ஓடுபாதை தேவையில்லை. வெள்ளிமலையில் ஒரு சமதளமான திடல், கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஒன்று, சேலத்திலும் ஜிப்மரிலும் இறங்குவதற்கு இடம் இருந்தால் போதும். மாநிலம் முழுமைக்கும் ஓரிரு ஹெலிகாப்டர்கள் தயாராக நின்றாலே ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, சத்தியமங்கலம் மலைகளுக்குப் பயன்படும்.

அதுகூட முதல் தேவை இல்லை. ஹெலிகாப்டர் இரவிலும் மழையிலும் பறக்கத் திணறும். 2024 ஜூனில் கோமுகி ஆற்றங்கரையில் மழைக்கு நடுவேதான் சிதை மூட்டினார்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு மருந்தைத் தேடி ஓடுவதைவிட, மருந்தை நோயாளியின் பக்கத்தில் வைப்பது எப்போதுமே எளிது, மலிவு. சில பெட்டிகளில் அடங்கிவிடும் விஷமுறிவு மருந்துகளை மாவட்ட மருத்துவமனையில் இருப்பு வைக்கலாம். ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சில நிமிடங்களில் அளந்து சொல்லும் கருவி ஒன்று இருந்தால், வயிற்று வலியோடு வந்தவர் சாதாரண நோயாளியா, மெத்தனால் குடித்தவரா என்று இரவு இரண்டு மணிக்கும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். விபத்துக்குள்ளானவர்களின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021இல் கொண்டுவந்த மாநிலம் இது. முதல் மணி நேரத்தின் விலை என்ன என்பது இந்த அரசுக்குத் தெரியும். சாலை விபத்துக்குத் தந்த அந்த அக்கறை விஷம், பாம்புக்கடி, பிரசவம் ஆகியவற்றுக்கும் மலைக்கும் ஏன் நீளக்கூடாது?

ரயிலையும் சொல்லாமல் விட முடியாது. சின்னசேலம் – கள்ளக்குறிச்சி புதிய ரயில் பாதை பதினாறு கிலோமீட்டர்தான். சேலம் – விருத்தாசலம் தடம் சின்னசேலம் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் 2019 நவம்பர் 26 அன்று மாவட்டத் தலைநகரான ஊருக்கு 2024 ஜூன்வரை ரயில் வந்து சேரவில்லை. ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் அந்தப் பதினாறு கிலோமீட்டரைத் தேடிப் பார்த்து ஏமாந்தவர்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர்.

சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் நேரடி விமானம் விடச் சொல்லி ஒருநாள் கோரிக்கை எழலாம். உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தைத் திறப்போம் என்று தேர்தல் மேடையில் யாராவது வாக்குறுதியும் தரலாம். அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்து வாக்காளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். 190 கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் கடக்கலாம் என்று அவர் சொல்லும்போது கைதட்டுவதற்கு முன்னால், சேராப்பட்டிலிருந்தும் இன்னாட்டிலிருந்தும் கருணாபுரத்திலிருந்தும் ஒரு நோயாளி டயாலிசிஸ் எந்திரத்தை எத்தனை நிமிடத்தில் அடைவார் என்று கேளுங்கள். மாவட்ட நிர்வாகமும் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் அந்த நேரத்தை அளந்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் அதைப் படித்துக் காட்டட்டும். எண் குறையாத ஊருக்குத்தான் அடுத்த ஆண்டின் முதல் நிதி போக வேண்டும்.